பதில் கடிதம் ஏன் புது டிக்கெட்டாகத் திறக்கிறது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டங்களுக்குப் புல் வெட்டும் இயந்திரம், மருந்து தெளிப்பான், தண்ணீர் பம்ப், டிராக்டர் உதிரிபாகம் எல்லாம் விற்கிறோம், பழுதும் பார்க்கிறோம். புகார்களைக் கவனிக்க ஒரு ஹெல்ப் டெஸ்க் மென்பொருள் போட்டோம். தோட்டத்துக் கிராணி (ஆபீஸ் எழுத்தர்) மின்னஞ்சல் அனுப்பினால் அந்தப் புகாருக்கென்று ஒரு டிக்கெட் திறந்து, எண் விழுகிறது. நாங்கள் பதில் எழுதி, அவர் அதற்குப் பதில் போட்டால், பல நேரம் அது புது டிக்கெட்டாகத் திறந்துவிடுகிறது. சில நேரம் தலைகீழாக, புதுப் புகார் போன வருஷத்து டிக்கெட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவர், மாதாமாதம் கூடுதலாகக் கட்டினால் ஏஐ தானாகச் சேர்த்துவிடும் என்கிறார். வாங்கலாமா, ஐயா? (கடையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வாசகி)

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. இப்போதைக்காவது வேண்டாம். உங்களிடம் இருக்கிற மென்பொருளே இந்த வேலையைச் செய்யக்கூடியதுதான். நடுவில் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்கப் பணம் தேவையில்லை, ஒரு மத்தியானம் போதும்.

ஒரு கடிதம் எந்த டிக்கெட்டைச் சேர்ந்தது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? கிராணி எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டு அல்ல. அது அடையாளத்தைத்தான் தேடுகிறது. தலைப்பில் இருக்கும் டிக்கெட் எண் ஓர் அடையாளம். அது நம் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று தெரியாது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் புறப்படும்போதே ‘மெசேஜ்-ஐடி’ என்று ஒரு தனி எண் உள்குறிப்பில் ஏறிவிடும். யாராவது ‘ரிப்ளை’ அழுத்தினால், இது எந்த எண்ணுக்குப் பதில், அதற்கு முன்னால் போய்வந்த கடிதங்களின் எண்கள் என்ன என்பதெல்லாம் அந்தப் பதிலின் உள்குறிப்பில் சேர்ந்துகொள்ளும். தையல்கடையில் துணியோடு குத்தி அனுப்பும் சீட்டு மாதிரி. சீட்டு இருந்தால் துணி யாருடையது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

இந்த ஏற்பாடு 1982-இல் எழுதிய மின்னஞ்சல் விதியிலேயே இருக்கிறது. 2008-இல் புதுப்பித்த விதியிலும் இருக்கிறது. ஆனால் இந்த எண்களைப் போடுவது நல்லது என்று அது வற்புறுத்துகிறதே தவிர, போடாவிட்டால் கடிதமே செல்லாது என்று சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் ஒரு கடைக்காரர் உட்கார்ந்து டிக்கெட்டுகளைக் கையால் ஒட்ட வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். “நாங்கள் பதில் எழுதி” என்கிறீர்கள். எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. கோளாறு அங்கேதான் என்பது என் கணிப்பு. மென்பொருளைத் திறந்து, டிக்கெட்டுக்குள்ளேயே பதில் எழுதி அனுப்பினால், தலைப்பில் எண்ணும் ஏறும், உள்குறிப்பு எண்ணையும் மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் பட்டறையில் இருக்கும் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, தன் கைப்பேசியில் உள்ள ஜிமெயிலிலிருந்தே கிராணிக்கு “நாளைக்கு வருகிறோம்” என்று அனுப்பிவிடுவார். அந்தக் கடிதம் மென்பொருளின் வழியாகப் போகவே இல்லை. தலைப்பில் எண் இல்லை. கிராணி அதற்குப் பதில் போட்டால் ஒன்று தம்பியின் கைப்பேசிக்கே போகும். அல்லது, இரண்டு முகவரியையும் சேர்த்திருந்தால், தான் பார்த்தே இராத ஒரு கடிதத்துக்கு வந்த பதில் என்று மென்பொருள் நினைத்துப் புது டிக்கெட் திறக்கும். அதன் மேல் குற்றமில்லை.

தம்பி அதை உங்களுக்கு ஃபார்வர்ட் செய்தால் நிலைமை இன்னும் மோசம். டிக்கெட் கிராணி பெயரில் திறக்காது, தம்பி பெயரில் திறக்கும். “உங்கள் புகார் கிடைத்தது, நன்றி” என்ற தானியங்கிக் கடிதம் தம்பிக்கே வரும்.

சோதித்துப் பாருங்கள். கடையோடு சம்பந்தமில்லாத ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து உங்கள் ஹெல்ப் டெஸ்க் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். மென்பொருளுக்குள்ளிருந்து அதற்குப் பதில் எழுதுங்கள். வந்த பதிலின் தலைப்பில் டிக்கெட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்க அழகாக இல்லை என்று சிலர் அந்த எண்ணைத் தலைப்பு வார்ப்பிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். எடுத்திருந்தால் திரும்பப் போடுங்கள், அதுவும் தலைப்பின் தொடக்கத்திலேயே. பதில் போய்ச் சேரும் முகவரி உங்கள் ஹெல்ப் டெஸ்க் முகவரியாகத்தான் இருக்க வேண்டும். ‘நோ-ரிப்ளை’ என்று ஏதாவது இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அப்புறம் அந்த ஜிமெயிலிலிருந்து பதில் போடுங்கள். பழைய டிக்கெட்டிலேயே சேர்ந்தால் நல்லது. மறுபடி ஒரு பதில் போடுங்கள், இந்தத் தடவை தலைப்பில் உள்ள எண்ணை அழித்துவிட்டு. அப்போதும் சேர்ந்தால் பெரும்பாலும் உங்கள் மென்பொருள் உள்குறிப்பையும் பார்க்கிறது என்று அர்த்தம். சேராவிட்டால் அது தலைப்பை மட்டும் நம்பியிருக்கிறது. அந்த எண்ணை யாரும் தொடக்கூடாது.

கடைசியாக, அதிகமாகப் பிரச்சினை தரும் தோட்டத்தின் கிராணியிடமே ஒரு பதில் போடச் சொல்லுங்கள். பெரிய தோட்டக் கம்பெனிகளின் மின்னஞ்சல் பெரும்பாலும் தலைமையகத்து வழியாகத்தான் வந்துபோகும். வெளியிலிருந்து வரும் கடிதத்தின் தலைப்பில் ‘எக்ஸ்டர்னல்’ என்று ஒரு வார்த்தையை அங்கே சேர்ப்பார்கள். அதனால் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் ஜிமெயில் சோதனையில் சரியாக வந்தது அவர்களிடம் போய்த் தடுமாறினால், கோளாறு உங்கள் பக்கம் இல்லை என்பதாவது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பார்க்க மென்பொருளின் செட்டிங்ஸில் எங்கே போக வேண்டும் என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மூலையில் வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டின் நிறத்தை மாற்ற முதல் பக்கத்திலேயே பட்டன். பதில் எந்த விதிப்படி சேர்கிறது என்பது மட்டும் ஏழு கதவுக்கு உள்ளே. இதைத் தயாரிப்பவர்கள் எவரும் மாதக் கடைசியில் ஒரு கடையில் உட்கார்ந்து தங்கள் மென்பொருளை நடத்திப் பார்த்ததில்லை போலும்.

இனி உங்கள் இரண்டாவது தொல்லை. இதுதான் ஆபத்தானது. புது டிக்கெட் கூடுதலாகத் திறந்தால் உங்களுக்கு எரிச்சல் மட்டும். புதுப் புகார் பழைய டிக்கெட்டில் மறைந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பார்கள். தாமதித்தால் எண்ணெயின் தரம் இறங்கும். குலை ஏற்றும் டிராக்டர் படுத்துவிட்டது என்ற கடிதம் போன வருஷத்து டிக்கெட்டுக்குள் கிடந்தால், உங்களைத்தான் திட்டுவார்கள்.

இதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். முதலாவது சுலபம். அனுப்பியவரும் தலைப்பும் ஒன்றாக இருந்தால் ஒரே டிக்கெட்டாக்கு என்று சில மென்பொருள்களில் ஒரு விதி இருக்கும். அதை உடனே அணைத்துவிடுங்கள். நம் தோட்டங்களில் மூன்று டிவிஷனுக்கும் ஒரே ஆபீஸ் முகவரி, எல்லாப் புகாருக்கும் “பம்ப் ரோசாக்” (பம்ப் பழுது) என்று ஒரே தலைப்பு. மேல் டிவிஷன் பம்பும் கீழ் டிவிஷன் பம்பும் ஒரே டிக்கெட்டில் கலந்தால் மெக்கானிக் எந்தப் பம்பைக் கழற்றுவார்? தலைப்பை மட்டும் பார்த்துச் சேர்க்கும் விதி என்றால் இன்னும் மோசம்: ஒரு தோட்டத்துக்குக் கொடுத்த விலைப்பட்டியல் இன்னொரு தோட்டத்துக் கிராணியின் கையில் போய் நிற்கும்.

இரண்டாவது காரணம் எந்த மென்பொருளாலும் முழுக்கத் தீராது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கிராணிகள் உங்கள் முகவரியைச் சேமித்து வைப்பதில்லை. புதுப் புகார் வந்ததும் இன்பாக்ஸில் உங்கள் கடை பெயரைத் தேடுவார்கள். போன வருஷம் நீங்கள் அனுப்பிய ஏதோ ஒரு கடிதம் கிடைக்கும். அதைத் திறந்து ரிப்ளை அழுத்தி, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புது விஷயத்தை எழுதி அனுப்புவார்கள். சிலர் தலைப்பைக்கூட மாற்றுவார்கள். ஆனால் உள்குறிப்பில் இருக்கும் பழைய எண் போகாது. மென்பொருளின் கணக்கில் இது பழைய டிக்கெட்டுக்கு வந்த நேர்மையான பதில். அது செய்ததுதான் சரி, விளைவுதான் தப்பு.

கிராணியைத் திருத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். “தயவுசெய்து புதுக் கடிதம் எழுதவும்” என்று கடிதத்தின் அடியில் சிவப்பில் போட்டாலும் படிக்கமாட்டார்கள். அவருக்கு இருக்கும் வேலையில் அது அவர் தப்பும் இல்லை. மாற்ற வேண்டியது உங்கள் பக்கத்து விதியை. மூடிய டிக்கெட்டுக்கு இத்தனை நாள் கழித்துப் பதில் வந்தால், பழையதைத் திறக்காதே, புதுசாக ஒன்று திறந்து பழையதோடு இணைப்புக் கொடு என்று பல மென்பொருள்களில் வைக்க முடியும். சென்டெஸ்க் போன்றவற்றில் ‘தீர்ந்தது’ ஒரு நிலை, ‘மூடியது’ வேறொரு நிலை. தீர்ந்த டிக்கெட்டுக்குப் பதில் வந்தால் அதுவே திறக்கும், மூடியதற்கு வந்தால் தொடர் டிக்கெட் ஒன்று பிறக்கும்.

எத்தனை நாள் வைப்பது? 7 நாள் என்பார் ஒருவர், 30 என்பார் இன்னொருவர். உங்கள் தொழிலுக்கு ஒரே அளவுகோல்தான் எனக்குத் தோன்றுகிறது: பார்த்த பழுதுக்கு எத்தனை நாள் உத்தரவாதம் தருகிறீர்களோ, அத்தனை நாள். அதற்குள் வரும் பதில் பெரும்பாலும் “மறுபடி அதே கோளாறு” என்பதாகத்தான் இருக்கும், பழைய டிக்கெட்டிலேயே சேரட்டும். அதற்கு மேல் வருவது புது வேலை, புதுப் பில். உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கிராணி பழைய கடிதத்தில் வேறு இயந்திரத்தைப் பற்றி எழுதினால்? எழுதுவார். அதற்காக, திரும்பத் திறந்த டிக்கெட்டுகள் எல்லாம் தனிப் பட்டியலில் விழும்படி வைத்து, தினமும் காலையில் ஒரு ஆள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு விஷயமாக இருந்தால் ‘பிரி’ என்ற பட்டனைத் தட்டினால் தனி டிக்கெட் ஆகிவிடும். உங்கள் மென்பொருளில் அந்தப் பட்டன் இல்லாவிட்டால் கையால் புது டிக்கெட் திறந்து கடிதத்தை அதில் ஒட்டுங்கள். கடை திறந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிகிற வேலை.

தீபாவளிக்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கிராணி விடுமுறையில் போகும்போது தானியங்கிப் பதில் வைத்துவிட்டுப் போவார். உங்கள் மென்பொருளின் தானியங்கிப் பதிலும் அவருடையதும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் விடிவதற்குள் டிக்கெட் நிரம்பி வழியும். தானியங்கிக் கடிதம் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள 2004-இலேயே ஒரு விதி வந்தது. அப்படி வருவதற்குப் பதில் அனுப்பாதே என்ற விருப்பத்தை இயக்கி வையுங்கள்.

இப்போது உங்களுக்கு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவர். ஏஐ மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தம்பியின் கைப்பேசியிலிருந்து போன கடிதத்தை அது பார்க்கவே முடியாது. மற்றவற்றில் அது செய்வது ஊகம். “பம்ப் ரோசாக்” என்ற இரண்டு கடிதத்தைப் பார்த்தால் ஒன்றுதான் என்று ஊகிக்கத்தானே செய்யும்? ஒரு செட்டிங்கைத் திறந்து பார்க்க வேண்டிய இடத்தில் மாதாமாதம் வெள்ளி கேட்கிறவர், ஒன்று விஷயம் தெரியாதவர், இல்லை தெரிந்தே கேட்கிறவர். அவரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இப்போது எங்கள் மென்பொருள் பதிலை எதை வைத்துச் சேர்க்கிறது, தலைப்பு எண்ணையா, உள்குறிப்பையா, அனுப்புநரையா? பதில் சொல்லாமல் விலைப்பட்டியலை மட்டும் திரும்ப அனுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமாக, உங்கள் மின்னஞ்சலின் வலைப்பெயர் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன்) யார் பெயரில் இருக்கிறது? சிறு ஊர்களில் நான் அதிகம் பார்க்கும் அநியாயம் இதுதான். “எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் அண்ணே” என்று சொல்லி, வலைப்பெயரைத் தன் பெயரில் பதிந்து, நிர்வாகி கடவுச்சொல்லையும் தன்னிடமே வைத்துக்கொள்வார்கள். மனஸ்தாபம் வந்த அன்றைக்கு உங்கள் எல்லா டிக்கெட்டும், எல்லாத் தோட்டத்துக் கடிதமும் அவர் பையில். டாட் காம் டாட் மை என்று முடியும் பெயர் என்றால் மலேசியாவில் பதிந்த நிறுவனத்தின் பெயரில்தான் எடுக்க முடியும். இந்தப் பதிவுகளைக் கவனிப்பது மைநிக். அந்த நிறுவனம் உங்கள் நிறுவனமா, அவருடைய நிறுவனமா என்று பாருங்கள். புதுப்பிப்பு ரசீது யார் பெயரில் வருகிறது என்றும் கேளுங்கள். அவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே உங்கள் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவுத் தாளைக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். சண்டைக்குப் பிறகு மாற்றுவது பெரிய இழுபறி.

டிக்கெட் சோதனையை அடுத்த வாரம்கூடச் செய்துகொள்ளலாம். அந்தக் கடவுச்சொல்லை நாளைக்கே கேட்டு வாங்குங்கள்.