கதண்டுக்கு விஷம் தேடுவதை விட்டு, பெட்டியின் வாயிலை அளந்து பாருங்கள்

கேள்வி: தென்னந்தோப்பில் 8 அடுக்குத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். பத்து நாளாகக் கதண்டு (பெரிய குளவி) வந்து வாயிலில் நின்று தேனீயைத் தூக்கிப் போகிறது. 2 பெட்டி காலியாகிவிட்டது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை வெல்லப்பாகில் கலந்து தோப்பில் வைக்கும்படி பூச்சிமருந்துக் கடையில் சொல்கிறார்கள். எவ்வளவு கலக்க வேண்டும்? கூடு கண்ணில் பட்டால் இரவில் தீப்பந்தம் வைக்கலாமா?

பதில்: அளவு சொல்லப் போவதில்லை. வெல்லப்பாகைத் தோப்பில் வைத்தால் உங்கள் தேனீக்களே வந்து குடிக்கும். பெட்டிக்குள் கொண்டுபோய் ராணிக்கும் புழுவுக்கும் ஊட்டும். அதற்குப் பதில் இறைச்சியில் கலந்தால் காக்கையும் நாயும் தின்று சாகும். கடைக்காரருக்கு டப்பா விற்றால் சரி. தேனீ வளர்ப்புக்கான யோசனையைப் பூச்சிமருந்து விற்கும் கடையில் கேட்காதீர்கள்.

வருவது எந்தக் கதண்டு என்று பார்த்தீர்களா? ஒரே பெயரில் நாம் கூப்பிடுபவற்றில் முக்கியமானவை இரண்டு. இரண்டும் வெஸ்பா பேரினம், இரண்டும் கருத்த உடலில் மஞ்சள் பட்டை போட்டவை. ஒன்றை மட்டையால் அடித்து, குச்சியால் புரட்டிப் பாருங்கள். செத்ததையும் கையால் தொட வேண்டாம், கொடுக்கு குத்தும். வயிற்றின் முதல் இரண்டு கண்டங்களிலும் மஞ்சள் இருந்தால் வெஸ்பா அஃபினிஸ். முதல் கண்டம் கருத்து, இரண்டாவதில் மட்டும் பட்டை இருந்தால் வெஸ்பா டிராபிகா. பழைய தேனீ வளர்ப்பு நூல்களில் வெஸ்பா சிங்டா என்று வருவதும் இதுதான்.

இரண்டின் பிழைப்பும் வேறு. அஃபினிஸ் மரக்கிளையிலும் புதரிலும் வெளிப்படையாகப் பெரிய காகிதக் கூடு கட்டும். பூச்சி, செத்த மீன், கழிவு இறைச்சி எதையும் விடாது. டிராபிகா மரப்பொந்து, மண்பொந்து என்று மறைவிடம் தேடும். அதன் முக்கிய இரை சிறு காகிதக் குளவிகளின் கூட்டிலுள்ள புழுக்கள், தேனீயையும் அடிக்கும். ஆகவே தோப்பில் டிராபிகா பறப்பதை வைத்து மட்டும் பழி போடாதீர்கள். வாயிலில் நின்று பிடிக்கிறதா என்று கவனியுங்கள்.

பிடித்த தேனீயின் தலை, வயிறு, இறக்கையை வெட்டிவிட்டு நெஞ்சுக்கறியை உருட்டிக் கூட்டுக்குக் கொண்டுபோகும். அது புழுக்களுக்கு. முதிர்ந்த கதண்டால் திடஉணவை விழுங்க முடியாது. மரச்சாறு, பழச்சாறு, தன் புழுக்கள் சுரக்கும் நீர், இவற்றில்தான் அது வாழ்கிறது. கூட்டில் புழு இருக்கும்வரை வேட்டை நிற்காது. பத்தை அடித்தாலும் வேறு பத்து வரும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்த 2 பெட்டி மட்டும் ஏன் காலியானது என்பது. நம் அடுக்குத் தேனீக்கு எதிர்ப்பு தெரியும். ஆள்பலம் இருந்தால் கதண்டைச் சூழ்ந்து பந்தாக மொய்த்து, உள்ளே வெப்பத்தை 46 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றிக் கொல்லும். கதண்டு சாகும், தேனீ சுமார் 50 டிகிரி வரை தாங்கும். ஆள் குறைந்த பெட்டி உள்ளே ஒதுங்கிவிடும். அப்புறம் கதண்டு உள்ளே நுழைந்து புழு அறையைக் காலிசெய்யும். மிச்சத் தேனீ பெட்டியை விட்டு ஓடிவிடும்.

இன்று மாலையே 6 பெட்டிகளையும் திறந்து பாருங்கள். தேனீ மொய்த்து மூடாத அடைகளை எடுத்துவிடுங்கள். கருத்த பழைய அடை மெழுகு அந்துப்பூச்சிக்குத்தான் உதவும். தேனீக்கள் மூன்று அடைச்சட்டத்தைக்கூட மொய்த்து மூட முடியாத பெட்டியை, மோசமான ராணியை நீக்கிவிட்டு, நடுவில் ஒரு செய்தித்தாளைச் சிறு துளைகளிட்டு வைத்து, பலமான பெட்டியோடு இணையுங்கள். எட்டுப் பெட்டி என்ற கணக்கை மறந்துவிடுங்கள். பலமான நான்கு போதும். பூ இல்லாத நாளில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, இருட்டும் நேரத்தில் பெட்டிக்குள் மட்டும் வையுங்கள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக் கூடாது. அந்த இனிப்பு வாசனை கதண்டையும் எறும்பையும் இழுத்துவரும்.

அடுத்து வாயில். உயரம் 8, 10 மி.மீ. இருந்தால் கதண்டு தாராளமாக நுழையும். தகடு அல்லது மரச்சட்டம் அடித்து 6 மி.மீ.க்குக் குறையுங்கள், நீளத்தை வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் காலில் கொண்டுவரும் மகரந்தம் வாயிலிலேயே உதிரும். ஆண் தேனீக்கள் தேங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். அடிப்பலகைக்கும் புழு அறைக்கும் நடுவே விரிசல் இருந்தால் வாயிலைக் குறைத்துப் பயனில்லை, களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசிவிடுங்கள்.

தீப்பந்தம் வேண்டாம். தேனீ கொட்டினால் கொடுக்கு உங்கள் தோலில் தங்கிவிடும். கதண்டின் கொடுக்கு அப்படிச் சிக்காது, ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்டும். பல கொட்டு ஏறினால் சிறுநீரகம் செயலிழக்கலாம்; ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே உயிருக்கு ஆபத்து. கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ சுண்ணாம்பு தடவி நேரத்தைக் கடத்தாமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கூடு நடமாடும் பாதையிலோ தேங்காய் பறிக்க ஏறும் மரத்திலோ இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து அகற்றுவார்கள். தோப்பின் ஒதுக்குப்புறத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள்.