'ஸ்கை' என்றால் நீலம் இல்லை

கும்பகோணத்து நண்பரே, பெட்டியில் 'ஸ்கை' என்று போட்டிருந்ததால் 1940ஆம் வருட ஸ்பிட்ஃபயர் (ஆங்கிலேயரின் போர் விமானம்) மாடலின் அடிப்பகுதிக்கு வான நீலம் அடித்து, படத்தோடு ஒத்துவரவில்லை என்கிறீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை, பெயர் அப்படி. அது வெளிறிய பச்சை. அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவரிடம் பச்சை ஓடிய முட்டையாகப் பார்த்து ஒன்று வாங்கி வைத்துக் கலந்து பாருங்கள். ஆங்கிலேயரே அதைப் பேச்சுவழக்கில் வாத்து முட்டை நிறம் என்றுதான் சொன்னார்கள்!

அப்புறம், 'ஸ்கை' பெயரோடு 'டைப் எஸ்' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அந்த எஸ் 'ஸ்மூத்', அதாவது வழவழப்பான பூச்சு. விமானத்தின் மேல்பக்கத்துக்கு வரும் டார்க் எர்த் (மண் பழுப்பு), டார்க் கிரீன் (கரும்பச்சை) இரண்டும் பெயருக்கு நேர்மையானவை. ஜெர்மானியர் நிறங்களுக்கு எண் வைத்தார்கள்: ஆர்.எல்.எம். (அவர்களின் விமான அமைச்சகம்) 65 என்றால் வெளிர்நீலம். மிச்ச நீலத்தைக் கொட்டிவிடாதீர்கள், அடுத்து ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் செய்தால் ஏறக்குறைய ஆகும்.