ஒர்க்ஃப்ளோ ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரிலா, உங்கள் காசிலா?

கேள்வி: ஏஐ படமும் வீடியோவும் உருவாக்கும் காம்ஃபியூஐ மென்பொருளை என் கம்ப்யூட்டரிலேயே நிறுவியிருக்கிறேன். நண்பர் அனுப்பிய ஒரு ஒர்க்ஃப்ளோவைத் திறந்தால் லாகின் செய்யச் சொல்கிறது, கிரெடிட் கேட்கிறது. மென்பொருள் இலவசம், பிரவுசரில் தெரியும் முகவரியும் 127.0.0.1 தான். அப்புறம் எதற்குக் காசு? ரன் அழுத்துவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த 127.0.0.1 விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் நிறையப் பேர் அதைப் பார்த்துத்தான் நிம்மதியாகிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்கிற திரை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். அந்தத் திரையில் இருக்கும் ஒவ்வொரு நோடும், அதாவது ஒர்க்ஃப்ளோவில் ஒரு படியைச் செய்யும் ஒவ்வொரு பெட்டியும், எங்கே வேலை செய்கிறது என்று தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். 2025 மே மாதம் காம்ஃபியூஐயில், வெளி நிறுவனங்களின் மாடல்களை இணையம் வழியாகக் கூப்பிடும் ஏபிஐ நோடுகள் வந்தன. அதிலிருந்து ஒரே ஒர்க்ஃப்ளோவில் பத்து நோடு உங்கள் கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும், பதினொன்றாவது வெளியே ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய் உங்கள் கிரெடிட்டைக் கழித்துக்கொண்டு திரும்பி வரும்.

அடையாளம் சுலபம். உள்ளூரில் ஓடும் ஒர்க்ஃப்ளோவில் ஏஐ மாடலை ஏற்றும் நோடு ஒன்று பொதுவாக இருக்கும், லோட் செக்பாயின்ட் மாதிரி. அதில் மாடலைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு சேஃப்டென்சர்ஸ் கோப்பின் பெயர் தெரியும், அந்தக் கோப்பு உங்கள் மாடல்ஸ் ஃபோல்டரில் சில ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கோப்பே கேட்காமல், என்ன வேண்டும் என்று எழுதும் பிராம்ப்ட் பெட்டி மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நோடு படமோ வீடியோவோ தருகிறேன் என்றால், அந்த நோடைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாடலின் பெயரே பாதி பதிலைச் சொல்லிவிடும். கிளிங், வியோ போன்ற வீடியோ மாடல்களின் எடைக் கோப்புகளை, அதாவது மாடலே அடங்கிய கோப்புகளை, யாருக்கும் இறக்கித் தருவதில்லை, ஆகவே அவை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட வழியே இல்லை. படம் உருவாக்கும் ஃபிளக்ஸ் மாடல்களில்தான் குழப்பம் வரும்: ஃபிளக்ஸ் 1 டெவ், ஷ்னெல் இரண்டையும் இறக்கிக்கொள்ளலாம், ஃபிளக்ஸ் 1 ப்ரோவை ஏபிஐ வழியாக மட்டும்தான் தொட முடியும். டெவ் 1200 கோடி பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்டது, முழுக் கோப்பு கிட்டத்தட்ட 24 ஜிபி. அது உங்கள் டிஸ்கில் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இன்னும் உறுதி வேண்டுமா? தேவையான மாடல்களை எல்லாம் இறக்கி முடித்த பிறகு நெட்டை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். படம் வந்தால் அது உங்கள் கம்ப்யூட்டரின் உழைப்பு, வாதமே வேண்டாம். வராவிட்டால் மட்டும் உடனே முடிவு கட்டாதீர்கள், விடுபட்ட ஒரு கோப்பை இறக்குவதற்காகக்கூட அது நெட்டைத் தேடியிருக்கலாம், எந்த நோடில் சிவப்பு விழுந்தது என்று பாருங்கள். ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியு வரைபடத்தையும் கவனியுங்கள்: உள்ளூர் என்றால் அது விறுவிறுவென்று மேலே ஏறி நிற்கும். ஃபேன் சத்தமே இல்லாமல், ஜிபியு தூங்கிக்கொண்டிருக்க, ஐந்து விநாடி வீடியோ ஒன்று வந்து விழுகிறதென்றால் அதை வேறு யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள். இந்த வம்பே வேண்டாம் என்பவர்கள் காம்ஃபியூஐயைத் தொடங்கும் கட்டளையிலேயே ஏபிஐ நோடுகளை முடக்கும் ஆப்ஷனைச் சேர்த்துவிடலாம். வீட்டில் பிள்ளைகளும் அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால் நான் இதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

கேள்வி: வேலைகளைத் தானாக ஓடும்படி இணைக்கும் என்எய்ட்என், மொழி மாடல்களை உள்ளூரில் ஓட்டும் ஓலாமா இரண்டையும் சொந்த சர்வரில் வைத்து, எங்கள் ஆவணங்களிலிருந்து பதில் சொல்லும் சாட்பாட் ஒன்று செய்திருக்கிறேன். எல்லாம் உள்ளூர்தான். ஆனாலும் என் ஏபிஐ கணக்கில் சின்னச் சின்னத் தொகை போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே ஓட்டை?

பதில்: எம்பெடிங் நோடைத் திறந்து பாருங்கள், அநேகமாக அங்கேதான் இருக்கும். பதில் எழுதும் மாடலை எல்லோரும் கவனமாக ஓலாமாவுக்கு மாற்றிவிடுகிறார்கள், ஆனால் ஆவணங்களைத் துண்டு போட்டு எண்களாக மாற்றுகிற வேலைக்கு ஆரம்பத்தில் மாட்டிய ஓபன்ஏஐ எம்பெடிங் அப்படியே கிடக்கும். ஆவணத்தைச் சேர்க்கும்போது மட்டும் இல்லை, யாராவது கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வெளியே போய்வரும். காசு குறைவுதான், ஆனால் உங்கள் ஆவணங்களின் வரிகளும் கூடவே போகின்றன, எனக்கு அதுதான் பெரிய கவலையாகப் படுகிறது. மாற்றும்போது ஒன்று: ஓபன்ஏஐயின் சிறிய எம்பெடிங் மாடல் ஒவ்வொரு துண்டுக்கும் 1536 எண்கள் தரும், ஓலாமாவில் பலரும் வைத்துக்கொள்ளும் நோமிக் 768 தரும், இரண்டும் ஒட்டாது. அந்த எண்களைச் சேமித்து வைத்திருக்கும் பழைய இன்டெக்ஸை அழித்துவிட்டு எல்லா ஆவணங்களையும் மறுபடி ஏற்றித்தான் ஆக வேண்டும்.

ஓலாமாவையும் ஒருமுறை பாருங்கள். 2025 செப்டம்பரிலிருந்து அதில் கிளவுட் மாடல்கள் உண்டு, பெயரின் கடைசியில் கிளவுட் என்று ஒட்டியிருக்கும். கூப்பிடும் முகவரி உங்கள் சர்வரையே குறிக்கும் அதே லோக்கல்ஹோஸ்ட் 11434 தான், ஆனால் வேலை நடப்பது அவர்கள் சர்வரில். இலவச அளவு கொஞ்சம் உண்டு, அதற்கு மேல் சந்தா. மாடல் பட்டியலை எடுத்தால் உள்ளூர் மாடலுக்கு எதிரே ஜிபி கணக்கு இருக்கும், கிளவுட் மாடலுக்கு எதிரே வெறும் கோடுதான்.

எல்லாம் சரிபார்த்த பிறகு அந்தக் கணக்கின் ஏபிஐ கீயை, அதாவது கணக்கைப் பயன்படுத்த விடும் ரகசியக் குறியீட்டை, ரத்து செய்துவிடுங்கள். உள்ளூர் மாடல் தடுமாறினால் கிளவுடுக்குத் தாவும்படி எங்காவது அமைத்திருந்தால், முதல் பதிலில் சொன்ன நெட்டை அணைக்கும் சோதனையில் உள்ளூர் மாடல் ஒழுங்காக ஓடிவிட்டால் அது சிக்காது. கீ செத்துப்போனால் எந்த நோட் அதை நம்பியிருந்ததோ அது பிழை காட்டி நிற்கும்.

கேள்வி: சாட்ஜிபிடி பிளஸுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன். அதே கணக்கின் கீயை ஒர்க்ஃப்ளோவில் போட்டால் அது சந்தாவுக்குள் அடங்கிவிடும்தானே?

பதில்: அடங்காது. பிளஸ் சந்தா வேறு, ஏபிஐ கணக்கு வேறு, பில்லும் தனி. ஏபிஐ பக்கம் டோக்கன் (சொல் துண்டு) கணக்கில் கழியும். சிறு தொகை மட்டும் முன்பணமாகப் போட்டு, தீர்ந்ததும் கார்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் ஆட்டோ ரீசார்ஜை அணைத்து வையுங்கள்.