எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்: வலியை வீட்டில் எப்படிக் குறித்து வைப்பது?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கும் அப்பாவுக்கு வயது 71. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்பு, முதுகெலும்பு வரை பரவியிருக்கிறது. மாதம் ஒருமுறை சேலத்துக்கு அழைத்து வருகிறோம். டாக்டர் கேட்டால் "பரவால்லைங்க" என்று முடித்துவிடுகிறார். வீட்டிலோ ராத்திரி தூங்குவதே இல்லை. வலியை எழுதிக் கொண்டுவரச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

பதில்:

தினமும் இரண்டே எண்கள். கடந்த 24 மணி நேரத்தில் வலி மிக அதிகமாக இருந்தபோது 0 முதல் 10-க்குள் எத்தனை என்பது ஒன்று. அதே 24 மணி நேரத்தில், வேளை மாத்திரை போக, வலி தாங்காமல் எத்தனை மாத்திரை கூடுதலாகப் போட்டார் என்பது இன்னொன்று. போன மாதமும் 4, இந்த மாதமும் 4 என்று கொண்டுபோனால் நிலைமை மாறவில்லை என்றுதான் டாக்டர் நினைப்பார். போன மாதம் கூடுதல் மாத்திரை இல்லாமல் 4, இந்த மாதம் தினம் மூன்று போட்டும் 4 என்றால் வலி ஏறியிருக்கிறது. மாத்திரைக் கணக்கு இல்லாத வலி எண்ணை நம்பாதீர்கள்.

"இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்பதை விடுங்கள். வலியை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் 'பிரீஃப் பெயின் இன்வென்ட்டரி' என்ற படிவம் அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி, இந்த நிமிடம் என்று நான்கு எண்கள் கேட்கும். புராஸ்டேட் மருந்து ஆய்வுகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அந்த முதல் எண்ணைத்தான். உங்கள் விஷயத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலையிலிருந்து கிளம்பும் முன் ஒரு மாத்திரை போட்டுவிட்டு வந்தால் ஓ.பி.யில் வலி 1. போடாமல் இருபது கொண்டை ஊசி வளைவும் குலுங்கி இறங்கினால் 7. இரண்டுமே வீட்டு நிலவரம் இல்லை.

கேட்கும் விதத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். "நேத்து சாயங்காலத்துல இருந்து இப்ப வரைக்கும், ரொம்ப வலிச்சப்போ எத்தனை போடலாங்கப்பா? வலியே இல்லைன்னா 0, இதுக்கு மேல வலியே இருக்காதுன்னா 10." எண்ணில் சொல்ல வரவில்லை என்றால், வலி ஒரு ரூபாய் என்றால் எத்தனை பைசா என்று கேளுங்கள். கால், அரை, முக்கால் என்று பெரியவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எந்த முறையோ, ஆரம்பித்ததை நடுவில் மாற்றாதீர்கள். பொதுவாக 1 முதல் 4 வரை லேசான வலி, 5, 6 நடுத்தரம், 7-ம் அதற்கு மேலும் கடுமை. ஆனால் ஒருவர் சொல்லும் 5-ஐ இன்னொருவர் சொல்லும் 5-உடன் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அப்பாவின் இந்த வார எண்ணை அப்பாவின் போன வார எண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

எண்ணை அவர் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். பார்த்துக்கொள்பவர்கள் தாங்களாகப் போடும் எண் பெரும்பாலும் கூடிப்போகும். அதேபோல, அம்மாவையும் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அவர் குறைத்துத்தான் சொல்வார். தனியாகக் கேளுங்கள்.

எழுத நல்ல இடம், ஜவுளிக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே வலி எண், கீழே மாத்திரை எண். செல்போன் செயலிகளும் உண்டு. நினைவூட்டும் வசதிக்கு நல்லது, ஆனால் வீட்டில் எல்லார் கண்ணிலும் படுவது சுவரில் தொங்குவதுதான். நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும், சாயங்காலக் காபி நேரம் மாதிரி. விட்டுப்போன நாளை மறுநாள் யோசித்து நிரப்பாதீர்கள், கோடு போட்டு விடுங்கள். 2002-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் கொடுத்த காகித டைரிக்குள் அதைத் திறக்கும் நேரத்தைப் பதியும் ஒளி உணரியை ரகசியமாக வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதிய கணக்குப்படி 90 சதவீதம் ஒழுங்காக நிரப்பியிருந்தார்கள். கருவிப்படி குறித்த நேரத்தில் நிரப்பியது 11 சதவீதம். ஓ.பி. வரிசையில் உட்கார்ந்து பேனா கடன் வாங்கி ஒரு மாதத்தையும் நிரப்புகிற பழக்கம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

மாத்திரைப் பக்கம் வருவோம். உதாரணத்துக்கு, 10 மி.கி. மார்ஃபின் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று, ராத்திரி 10 மணிக்கு இரண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நாளைக்கு 60 மி.கி. நடுவில் வலி வந்தால் போட்டுக்கொள்ளும் கூடுதல் மாத்திரை வழக்கமாக நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இங்கே 10 மி.கி. அவர் மூன்று கூடுதலாகப் போட்டால் அன்றைய மொத்தம் 90. வேளை மருந்தை எவ்வளவு ஏற்றுவது என்று டாக்டர் கணக்குப் போடுவது இந்த மொத்தத்தை வைத்துத்தான். அளவை நீங்களாக மாற்றாதீர்கள், எண்ணை மட்டும் கொடுங்கள்.

கூடுதல் மாத்திரை போட்ட நேரத்தையும் குறித்தால் இன்னும் நல்லது. அடுத்த வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே தினமும் வலி கிளம்பினால் வேளை மருந்து போதவில்லை. குளிக்க எழும்போதும் கக்கூஸில் குந்தும்போதும் மட்டும் வந்தால் அது அசைவினால் வரும் வலி. அதற்கு வேளை மருந்தை ஏற்றினால் மீதி நேரமெல்லாம் தூங்கி வழிவார். அசைவதற்கு அரை முக்கால் மணி நேரம் முன்பு ஒரு மாத்திரை என்று டாக்டர் மாற்றிக் கொடுப்பார். காலை ஊன்றும்போது தொடையிலோ இடுப்பிலோ சுரீரென்று வலித்தால் எலும்பு ஒடியும் நிலையில் இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கும் வரை நடக்க விடாதீர்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையையும் மறைக்காமல் எழுதுங்கள். புராஸ்டேட் நோயாளிகளுக்குச் சிறுநீர் பாதை அடைத்துச் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம். இந்த மாத்திரைகள் அதை இன்னும் கெடுக்கும். சிறுநீரகம் கெட்டால் மார்ஃபினின் கழிவு வெளியேறாமல் உடம்பில் சேரும். எழுப்பினாலும் எழாத தூக்கம், கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது, பிதற்றல் ஆகியவை அதன் அடையாளம். சிறுநீர் குறைந்தாலும் எழுதுங்கள். மலம் போன நாளுக்கு ஒரு டிக் போடுங்கள். மார்ஃபின் போடுகிற வரை மலமிளக்கியும் கூடவே ஓட வேண்டும். மூன்று நாள் டிக் இல்லை என்றால் போன் செய்யுங்கள்.

ஃபென்டனில் ஒட்டுப்பட்டை (தோலில் ஒட்டும் வலி மருந்து) போட்டிருந்தால் ஒட்டிய தேதியும் நேரமும் முக்கியம், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஏற்காட்டு டிசம்பர் குளிருக்கு அடுப்போரம் உட்கார்வதும் வெந்நீர்ப் பையை அதன் மேல் வைப்பதும் ஆகாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

இனி, எண்ணைத் தவறாகப் படிக்க வைக்கும் சிகிச்சைகள். இவை நடந்த தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்த பிறகு (எலும்பு வலிக்கு 8 கிரே அளவில் ஒரே தடவை கொடுப்பது வழக்கம்) முதல் சில நாட்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வலி கூடித்தான் இறங்கும். முழுப் பலன் தெரிய நான்கு வாரம்கூட ஆகலாம், பத்தாம் நாளே "கரண்ட் வேலை செய்யல" என்று முடிவு கட்ட வேண்டாம். லூப்ரோலைடு வகை ஹார்மோன் ஊசி முதல்முறை போட்டதும் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறி வலியும் ஏறலாம். அதைத் தடுக்கத்தான் கூடவே மாத்திரை தருகிறார்கள், அதை விட்டுவிடக் கூடாது. எலும்பைக் காக்கப் போடும் ஜோலிட்ரானிக் ஆசிட் முதல் டோஸுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வருவது உண்டு.

டோசிடாக்சல் கீமோவில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கீமோவை ஒட்டிக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் வலியை இரண்டு மூன்று நாள் அமுக்கும். பிறகு வெள்ளணுக்களை ஏற்றும் ஊசி போட்டால் இடுப்பும் முதுகும் விண்விண்ணென்று தெறிக்கும். முதல் எண்ணைப் பார்த்துக் குணமாகிறது என்றோ, இரண்டாவதைப் பார்த்து முற்றிவிட்டது என்றோ நினைத்துவிடாதீர்கள். மூன்று வாரச் சுற்றில், அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரத்தை எடுத்து, போன சுற்றின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். உள்ளங்காலில் எரிச்சல், விரல் நுனி மரத்துப் போவது ஆகியவை கீமோவால் நரம்பில் வருபவை. எலும்புக் குடைச்சலோடு ஒரே எண்ணில் கலக்காமல் தனியாக எழுதுங்கள், இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுங்கள். 3, 4, 3, 5, 3, 4, 6 என்றால் அந்த வாரம் 4. நாலு நாளுக்குக் குறைவாக எழுதிய வாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். வாரக் கணக்கு இரண்டு புள்ளி ஏறி அடுத்த வாரமும் அங்கேயே நின்றாலோ, கூடுதல் மாத்திரை இரண்டு நாள் தொடர்ந்து மூன்றுக்கு மேல் போனாலோ, மாதாந்திரத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் புராஸ்டேட் அளவான பி.எஸ்.ஏ. இறங்கியிருக்கிறதே என்றும் சமாதானம் அடையாதீர்கள், பி.எஸ்.ஏ.யும் வலியும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை.

வலி குறைந்தது போலக் காட்டும் இன்னொன்று, அவர் அசைவதையே நிறுத்திவிடுவது. போன மாதம் டீக்கடை வரை நடந்து 5, இந்த மாதம் கட்டிலிலேயே படுத்து 3 என்றால் அது முன்னேற்றம் இல்லை. அதனால் வாரம் ஒருமுறை இரண்டு வரி எழுதுங்கள்: எதுவரை நடந்தார், ராத்திரி எத்தனை தடவை வலியால் விழித்தார் (சிறுநீருக்கு எழுந்தது வேறு கணக்கு). மாதம் ஒருமுறை ஆள் உருவம் ஒன்று முன்னும் பின்னுமாக வரைந்து வலிக்கும் இடத்தை அவரையே தொட்டுக் காட்டச் சொல்லி நிழலிடுங்கள். புது இடம் வந்தால் தேதி போடுங்கள். "பனிக்காலம்ல, அதான்" என்று அவர் சொன்னாலும் போடுங்கள்.

காலண்டரை எல்லாம் மறந்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் ஒன்று உண்டு. நடுமுதுகில் புது வலி, மார்பையோ வயிற்றையோ கயிறு கட்டி இறுக்கியது போன்ற வலி, படுத்தாலும் இருமினாலும் முக்கினாலும் கூடுவது, கால் தள்ளாடுவது, தொடை இடுக்கில் உணர்ச்சி மங்குவது, சிறுநீர் திடீரென நிற்பது. முதுகுத் தண்டு நசுங்குகிறது என்று இதற்குப் பொருள் இருக்கலாம். மணிக்கணக்குதான் உங்கள் கையில். கால் முழுதாக விழுந்த பிறகு போனால் நடை திரும்புவது அரிது. 108-ஐ அழைத்து, படுக்க வைத்தே இறக்குங்கள். முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வசதியுள்ள இடத்துக்கு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு, நேராகப் போங்கள். புராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் இருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். எண்ணெய் போட்டு முதுகை நீவி விடுவது, சுளுக்கு எடுப்பது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம்.

மாதம்தோறும் இறங்கி வருவது அவருக்குச் சிரமம் என்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரணச் சேவையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வருபவர்களிடமும் அதே காலண்டரைக் காட்டுங்கள்.

ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடம்தான். முப்பது கட்டத்தையும் படித்துக் காட்டாதீர்கள். "நாலு வாரத்துக்கு முன்னாடி வாரக் கணக்கு 4, இப்ப 6. கூடுதல் மாத்திரை அப்ப ஒண்ணு, இப்ப மூணு. வலது தொடையில புதுசா ஆரம்பிச்சிருக்கு, இந்தத் தேதியில இருந்து. ராத்திரி மூணு தடவை முழிக்கிறாரு" என்று அப்பா வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட்டு, தாளை மேசை மேல் வையுங்கள்.