அமெரிக்க அரசுப் பள்ளிகளைத் தேர்வுக் கொள்கை என்ன செய்தது?

நாடு முழுக்க வைக்கும் தரப்படுத்தப்பட்ட தேர்வுகளால் அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்கு நன்மையா கெடுதலா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடுதல்தான் அதிகம் என்பேன், ஆனால் அது தேர்வால் வந்ததல்ல, தேர்வோடு முடிச்சுப் போட்ட தண்டனையால் வந்தது.

2002 ஜனவரியில் கையெழுத்தான 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம், 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்கச் சொன்னது. 2014க்குள் அத்தனை பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும், தொடர்ந்து தவறினால் பள்ளி நிர்வாகத்தையே மாற்றலாம். சரி, இப்படி நெருக்கினால் ஆசிரியர் என்ன செய்வார்? தேர்ச்சி வரம்பு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள், 57 எடுக்கும் பிள்ளைக்குத் தனி வகுப்பு நடக்கும், 30 எடுக்கும் பிள்ளை, அதாவது உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளை, கடைசி பெஞ்சிலேயே கிடக்கும். சமூக அறிவியல், ஓவியம், இசை இதற்கெல்லாம் நேரம் சுருங்கியது. அப்புறம் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் நடந்த மோசடி. விடைத்தாளில் பிள்ளைகள் குறித்த தப்பான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியிருக்கிறார்கள் என்று 2011 விசாரணையில் வெளிவந்தது, 44 பள்ளிகளில்!

ஒரு நல்லதும் நடந்தது. கறுப்பின, ஏழை, மாற்றுத்திறன் பிள்ளைகளின் முடிவுகளைத் தனித்தனியே வெளியிட வேண்டியிருந்ததால், பள்ளியின் சராசரிக்குப் பின்னால் அவர்களை மறைக்க முடியவில்லை. 2015இல் வந்த புதிய சட்டம், தவறும் பள்ளிகள் மீதான நடவடிக்கைகளைப் பெரும்பாலும் மாநிலங்களிடம் விட்டது, ஆண்டுத் தேர்வுகள் மட்டும் அப்படியே தொடர்கின்றன.