முதலாண்டில் கற்றல் குழுமத்தில் சேரலாமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலைப் படிப்பில் சேரவிருக்கும் தங்கள் மகளிடம், முதல் பருவத்திற்கு 'லேர்னிங் கம்யூனிட்டி' எனப்படும் கற்றல் குழுமத்தில் இடம் வேண்டுமா என்று கேட்டிருப்பதாகவும், அதனால் பயன் உண்டா என்றும் வினவியுள்ளீர்கள். அந்நாட்டின் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், குழுமம் எப்படிப்பட்டது என்று விசாரித்துவிட்டுச் சேரலாம் என்பேன்.

இருபது, இருபத்தைந்து புதிய மாணவர்கள் இரண்டு மூன்று பாடங்களைச் சேர்ந்தே படிக்கும்படி கால அட்டவணையை அமைப்பதே இந்த ஏற்பாடு. ஒரே வகுப்பில் மூன்றாண்டும் ஒன்றாக உட்கார்ந்து பழகிய நமக்கு இதில் புதுமை ஏதும் தோன்றாது. அங்கோ ஒவ்வொருவரும் தத்தம் பாடங்களைத் தாமே தேர்ந்தெடுப்பதால், காலை வகுப்பில் பக்கத்தில் அமர்ந்தவரைப் பருவம் முழுவதும் வேறெங்கும் காணாமலே போகலாம்; வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடும் மாணவர்களின் நிலை இன்னும் கடினம்.

நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள கிங்ஸ்பரோ சமுதாயக் கல்லூரி என்னும் இரண்டாண்டுக் கல்லூரியில், 2003 முதல் 2005 வரை சுமார் 1,500 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி இதை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினர் ஆங்கிலம், ஒரு துறைப் பாடம், கல்லூரி வாழ்க்கைக்கான அறிமுக வகுப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகப் படித்ததோடு, கூடுதல் ஆலோசனையும் புத்தகம் வாங்க உதவியும் பெற்றனர். மற்றவர்களைவிட அவர்கள் முதல் பருவத்தில் அதிகப் பாடங்களில் தேறினர். அடிப்படை ஆங்கிலத் தகுதித் தேர்வுகளையும் விரைவில் முடித்தனர். ஆனால் பின்னர் வேறு சில சமுதாயக் கல்லூரிகளில், ஆங்கிலத்திலோ கணிதத்திலோ பின்தங்கிய மாணவர்களுக்கு ஒரு பருவ ஏற்பாடாக இதைச் செய்து பார்த்தபோது, அந்தப் பாடத்தில் கிடைத்த கூடுதல் பலன் சராசரியாக அரை கிரெடிட் (பாடத்தில் தேறினால் பட்டத்திற்கான கணக்கில் சேரும் அலகு) அளவே.

ஒரே முகங்களை ஒரே அறையில் அமர்த்துவது மட்டும் போதாது என்பதே இதிலிருந்து நான் கொண்ட முடிவு. ஆசிரியர்கள் கூடிப் பேசித் திட்டமிடும் குழுமங்களில், என் வகுப்பின் புள்ளிவிவர அட்டவணையே ஆங்கில வகுப்பில் கட்டுரைப் பொருளாகும். ஒரு மாணவர் இரண்டு நாள் வராவிட்டால் எனக்கும் ஆங்கில ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். அப்படிப் பேசிக்கொள்ளாத குழுமங்களில் மாணவர்களின் நட்பு மட்டும் நன்றாக வளரும். (சில வேளைகளில் அளவுக்கு மீறியே வளர்ந்து, பாடம் நடத்த இடமே இராது.)

எனவே முதலாண்டு ஆலோசனை அலுவலகத்திற்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்தப் பாடங்களின் ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிடுகிறார்களா, அவை பட்டத்திற்கான கிரெடிட்டில் சேருமா என்று தங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். விடுதியில் ஒரே தளத்தில் தங்குவதை மட்டுமே இப்பெயரால் அழைக்கும் இடங்களும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவர் பொறியியல் படிக்கவிருந்து, குழுமத்தின் அட்டவணை கால்குலஸ் வகுப்போடு மோதினால், குழுமத்தை விட்டுவிடுவதே நல்லது. அந்த வகுப்பு தள்ளிப்போனால் அடுத்தடுத்த பருவப் பாடங்களும் தள்ளிப்போகும்.