வாசகர் கேள்வி – பதில்: ‘ஆங்ஷியஸ்’ என்றால் ஆவலா, அச்சமா?

கேள்வி: என் மகள் வேலைக்கு எழுதிய விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐ ஆம் ஆங்ஷியஸ் டு ஜாயின் யுவர் கம்பெனி’ என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த அவளுடைய சித்தப்பா, “உங்கள் கம்பெனியில் சேரவே பயமாயிருக்கிறது என்றா எழுதுவாய்?” என்று சிரித்துவிட்டார். அகராதியைப் புரட்டினால் கவலை, ஆவல் என இரண்டு பொருளும் இருக்கின்றன. எது சரி?
வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் மகள் எழுதியது பிழையன்று, ஆனாலும் அந்தக் கடிதத்தில் அச்சொல்லை நான் எழுதியிருக்க மாட்டேன்.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அச்சொல்லுக்குக் கவலை என்பதே பொருளாக இருந்தது. ஆவல் என்னும் பொருள் அடுத்த நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று எந்தப் பொருள் என்பதைப் பெரும்பாலும் அடுத்து வரும் சிறு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்ற செய்தி பரவும் நாளை எண்ணிப்பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆற்றில் நீரோட்டத்தைப் பார்க்கப் பிள்ளைகுட்டிகளோடு பாலத்துக்கு ஓடுகிறவர்கள் ‘ஆங்ஷியஸ் டு ஸீ த வாட்டர்’. அதுவே 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளமாக இருந்தால், கரையோரத்தில் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டிக்கொண்டு நிற்பவர் ‘ஆங்ஷியஸ் அபௌட் த வாட்டர்’. ஆறும் ஒன்று, நீரும் ஒன்று. ‘டு’ வந்தால் ஆவல் முன்னே நிற்கிறது, ‘அபௌட்’ வந்தால் அச்சம் முன்னே நிற்கிறது.

‘ஃபார்’ வரும் இடந்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஷீ இஸ் ஆங்ஷியஸ் ஃபார் நியூஸ்’ என்றால் அவள் செய்தியை எதிர்பார்க்கிறாளா, செய்திக்கு அஞ்சுகிறாளா? இரண்டுந்தான். வேலூரில் இருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து, காட்பாடியில் இறங்கி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறவர்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். கதவு திறக்க வேண்டும் என்றும் இருக்கிறது, திறந்துவிடுமோ என்றும் இருக்கிறது. அந்த நிலைக்குத் தமிழில் ‘தவிப்பு’ என்று பெயர். ‘ஆங்ஷியஸ்’ என்பதற்குக் கவலை, ஆவல் என்று இரண்டு சொற்களைத் தனித்தனியே போடும் அகராதிகள் இந்த ஒரு சொல்லைப் போட்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். மகனைப் பார்க்கத் தவிக்கிறாள் என்றாலும், மகனைக் காணாமல் தவிக்கிறாள் என்றாலும், தவிப்பு ஒன்றுதானே.

ஆங்கில இலக்கணத்தில் கறாரானவர்கள் சிலர், கவலையின் சாயல் துளியும் இல்லாத இடத்தில் இச்சொல்லைப் போடவே கூடாது என்பார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான வழக்கைத் தவறு என்று தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி அந்தக் கட்சிக்காரராக இருந்துவிட்டால் என்ன செய்வது? ‘ஈகர்’ அல்லது ‘கீன்’ என்று மாற்றிவிடச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம், பொருள் தெரிந்துதான் எழுதினேன் என்று அவள் தாராளமாகச் சொல்லலாம்.

கேள்வி: ஆங்ஷியஸ், சினத்தைக் குறிக்கும் ஆங்கர், நெஞ்சுவலியைக் குறிக்கும் ஆஞ்சைனா ஆகிய சொற்களின் ஒலி ஒத்திருப்பது தற்செயலா?
வாசகர், வாணியம்பாடி

பதில்: தற்செயல் இல்லை, மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. இலத்தீனில் ‘ஆங்கெரே’ என்றால் நெரித்தல், இறுக்குதல். கழுத்து நெரிபட்டதைப் போன்ற மனநிலையில் இருப்பவன் ‘ஆங்ஷியுஸ்’. ‘ஆஞ்சைனா’ என்பது முதலில் மூச்சை அடைக்கும் தொண்டை நோயைத்தான் குறித்தது; பின்னர் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர், 1772இல் அச்சான தம் கட்டுரையில், நடக்கும்போது மார்பை இறுக்கிப் பிடிக்கும் வலிக்கு ‘ஆஞ்சைனா பெக்டோரிஸ்’ என்று பெயரிட்டார். கடுந்துயரைக் குறிக்கும் ‘ஆங்விஷ்’ என்ற சொல்லும் குறுகலான இடம் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. ‘ஆங்கர்’ வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது; அங்கே அதற்குத் துயரம் என்பது பொருள், சினம் பிறகு சேர்ந்தது. வடமொழியில் இன்னலைக் குறிக்கும் ‘அம்ஹஸ்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பத்துத் தூரத்து உறவு.

தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் அதே வழியில்தான் நடந்திருக்கிறது. நெருக்கு என்பதிலிருந்து நெருக்கடி வந்தது. ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்று வள்ளுவர் சொல்லும் இடுக்கண்ணுக்கு, துன்பத்தால் கண் இடுங்குவது என்று பொருள் கூறுவதுண்டு. உங்கள் ஊர்ப்பக்கம் “நெஞ்ச அடைக்கிது” என்று பெண்கள் சொல்லும்போது, இலத்தீன் படிக்காமலேயே அந்த வேரைத் தொட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் மாமியாரின் மருத்துவச் சீட்டில் ‘ஆங்ஸைட்டி’ என்று எழுதியிருக்கிறது. “எனக்கென்ன பைத்தியமா?” என்று கோபித்துக்கொண்டு மாத்திரையைத் தொட மறுக்கிறார். தமிழில் இதை எப்படிச் சொல்வது?
வாசகி, இராணிப்பேட்டை

பதில்: பைத்தியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பேச்சில் ‘ஆங்ஸைட்டி’ என்றால் எல்லோருக்கும் வரும் கவலை. மருத்துவத்திலோ அதற்கு வரையறை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, அதுவரை ஒரே நோயாக எண்ணப்பட்டதைத் திடீரென்று தாக்கும் பீதி என்றும், ஓயாமல் உடனிருக்கும் பதற்றம் என்றும் இரண்டாகப் பிரித்தது. பின்னதை உறுதி செய்ய, கட்டுப்படுத்த முடியாத கவலை ஆறு மாதமாவது பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும் என்று இன்றைய கையேடு சொல்கிறது. சீட்டில் எந்தப் பொருளில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுதிய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கவலை என்றால் பணத்தைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ இருக்கும். எதைப் பற்றியென்று சொல்லத் தெரியாமலும் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதற்குப் ‘பதற்றம்’ என்ற சொல்லே பொருத்தம். உருது வழியாக வந்த ‘காபரா’ ஆளைத் திகைக்கவைக்கும் திடீர்க் கலவரத்தைக் குறிப்பது, இங்கே ஒத்துவராது. ஆனால் உங்கள் மாமியாரிடம் பதற்றம் என்ற ஏட்டுச் சொல்லும் வேண்டாம். “அத்த, உங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிதே, அதத்தான் டாக்டர் இங்கிலீஷ்ல எழுதிக்கீறாரு” என்று சொல்லிப்பாருங்கள்.

கேள்வி: ‘நெர்வஸ்’ என்பதும் இதுதானா?
வாசகர், ஆரணி

பதில்: கிட்டத்தட்ட. மேடையேறுமுன் கை நடுங்கினால் ‘நெர்வஸ்’. பேசி முடித்து இறங்கியதும் அது போய்விடும். ஒரு வேடிக்கை உண்டு. இலத்தீனில் ‘நெர்வுஸ்’ என்றால் தசைநாண். ஆகவே 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் முறுக்கேறிய வலிய நடையையும் ‘நெர்வஸ்’ என்று பாராட்டினார்கள். பழைய ஆங்கில விமரிசனம் ஒன்றில் ஒரு கவிஞருடைய நடை ‘நெர்வஸ்’ என்று இருந்தால், பாவம், அவர் பயந்து பயந்து எழுதினார் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.